இரண்டாவது பொத்தான்

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் காட்டு அளவெடுப்பு ஒவ்வொன்றும் முடியும்போது டேப்காரர் ஒரு சாண் குறைந்தார். முதல் அளவெடுப்புக்கு எல்லோரையும் போல எண் சாண் உடம்போடு போனவர், முடித்துத் திரும்பும்போது ஏழு சாணாக வந்தார். இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் ஐந்து, நான்காவதில் நான்கு, ஐந்தாவதில் மூன்று. நோய் நொடி ஒன்றும் கிடையாது. கை, கால், காது, மீசை எல்லாம் ஒரே விகிதத்தில் குறைந்ததால் பார்வைக்கு லட்சணமாகவே இருந்தார். ஆய்வு நிலையத்து மருத்துவர் அவரைப் பரிசோதித்து ரத்த அழுத்தம் சரி, கண் பார்வை சரி என்று எழுதிவிட்டு, உயரம் என்ற கட்டத்தில் மட்டும் போன தடவை இருந்ததைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

வேலை இதுதான். காட்டுக்குள் பத்து ஹெக்டேர் நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, அதில் நிற்கும் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களுக்கும் எண் பொறித்த தகடு அடித்திருந்தார்கள். அவற்றின் சுற்றளவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். இப்படி நூறு வருடம் விடாமல் எடுத்தால் காடு எப்படி வாழ்கிறது, எப்படிச் சாகிறது என்பது தெரிந்துவிடும் என்று நிலையத்தை ஆரம்பித்தவர்கள் சொன்னார்கள். நூறு வருடம் கழித்து அவர்களை யாரும் வந்து கேட்கப் போவதில்லை என்பதால் தைரியமாகவே சொன்னார்கள். மரம் அடியில் பருத்து, மேலே போகப் போக மெலியும். அதனால் எல்லா மரத்தையும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். அந்த உயரத்துக்கு மார்பளவு என்று பெயர். ஒரு மீட்டர் முப்பது. அதற்கென்றே தேக்கில் கடைந்த கோல் ஒன்று முதல் நாள் வந்து இறங்கியது. இரண்டாம் நாள், இயக்குநர் அறையின் ஜன்னல் கதவு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டதால் அந்தக் கோலை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கோலைக் கேட்டுப் போன டேப்காரரை இயக்குநர் ஏற இறங்கப் பார்த்தார். ஒரு நிமிடம் மட்டும் கோலை உருவி அவர் பக்கத்தில் நிறுத்தினார். பூட்ஸ் போட்ட டேப்காரரின் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பொத்தான் கோலின் நுனியோடு மயிரிழை பிசகாமல் நின்றது. கோல் ஜன்னலுக்குத் திரும்பிப் போனது. மார்பளவு என்பது அளப்பவரின் இரண்டாவது பொத்தான் என்றும், ஆகவே அளப்பவர் மாறக் கூடாது என்றும் விதிப் புத்தகத்தில் அன்றே ஏறியது. டேப்காரருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பொத்தானைத் திறந்துவிட்டு யாரும் பார்த்ததில்லை, சித்திரை வெயில் கொளுத்தினாலும் சரி.

அளவெடுப்புக்கு இரண்டு பேர் வேண்டும். டேப்காரர் டேப்பின் கொக்கியைப் பட்டையில் மாட்டிவிட்டு, மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மரத்தின் எண்ணையும் அளவையும் உரக்கச் சொல்வார். இன்னொருவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுதுவார். எழுதுகிறவர் டேப்காரருடைய மனைவியின் அண்ணன். புத்தகக்காரர் என்று பெயர். முதல் அளவெடுப்பில் இவர்கள் இருவரும் ஆயிரத்து நாற்பத்து நான்காம் எண் மரத்தடியில் சண்டை போட்டார்கள். அந்த மரம் இரண்டாகப் பிரியும் கவை சரியாகப் பொத்தான் உயரத்தில் இருந்தது. கவை மார்பளவுக்கு மேலே இருந்தால் ஒரு மரம், கீழே இருந்தால் இரண்டு மரம் என்பது விதி. டேப்காரர் ஒன்று என்றார். புத்தகக்காரர் இரண்டு என்றார். இரண்டு பேரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கடைசியில் டேப்காரர் ஒரே சுற்றாக அளந்தார். புத்தகக்காரர் இரண்டு வரியாக எழுதினார். ஆயிரத்து நாற்பத்தைந்து என்று பொறித்த தகடு அடிக்க இடமில்லாமல் புத்தகக்காரரின் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு அளவெடுப்பிலும் அந்த எண்ணுக்கு நேரே, கண்ணெதிரே நிற்கும் மரத்துக்கு, ‘காணவில்லை’ என்று அவர் கொட்டை எழுத்தில் எழுதினார். அதன் பிறகு இருபத்தைந்து வருடம் மச்சானும் மாப்பிள்ளையும் எண்களைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்த செய்தியும், கூரை ஒழுகும் செய்தியும் ஒருவருக்கு மனைவியும் மற்றவருக்குத் தங்கையுமான பெண்பிள்ளை வழியாகவே போய் வந்தன. டேப்காரர் குறையக் குறைய அந்தக் கவை பொத்தானுக்கு மேலே மேலே போனது. தன் கட்சிக்குக் காடே சாட்சி சொல்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவர் குறைகிறார் என்பதை முதலில் கண்டவள் அவர் மனைவி. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருந்தவள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். முதல் அளவெடுப்பு முடிந்து வந்தவருடைய கால்சட்டை தரையைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்தவுடனேயே அவள் இஞ்சு டேப்பை எடுத்துவிட்டாள். டேப்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. துணி நைந்து நீண்டிருக்கும் என்றார். அவள் விடாமல் நச்சரித்ததும் தரையில் நீட்டிப் படுத்து, உச்சியிலும் பாதத்திலும் கோடு கிழிக்கச் சொல்லி, எழுந்து தன் கையாலேயே சாண் போட்டு அளந்தார். எட்டு இருந்தது. எப்போது அளந்தாலும் எட்டு இருந்தது. உடம்போடு கையும் குறைந்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துவிட்டு, நாலாயிரம் மரத்தை அளக்கிறவனுக்குத் தன்னை அளக்கத் தெரியாதா என்று கேட்டார். அவள் கால்சட்டையை மடித்துத் தைத்தாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் ஒரு சாண் துணி மிச்சமானது. அதில் அவள் தலையணை உறை தைத்தாள்.

இதற்கிடையில் காடு பெருத்துக்கொண்டே போனது. பொத்தான் தாழத் தாழ டேப் மரத்தின் அடிப்பக்கத்தைச் சுற்றியது. ஒவ்வொரு அளவெடுப்பிலும் நாலாயிரத்துச் சொச்சம் மரமும் ஒன்று பாக்கியில்லாமல் பருத்திருந்தன. உலகத்தில் வேறெந்தக் காடும் இப்படி வளரவில்லை. இயக்குநர் அதற்கு மண்ணைக் காரணம் சொல்லி ஒரு கட்டுரையும், மழையைக் காரணம் சொல்லி ஒரு கட்டுரையும், மண்ணும் மழையும் காரணமில்லை என்று மூன்றாவதாக ஒன்றும் எழுதினார். மூன்றுக்கும் பரிசு கிடைத்தது. தூர தேசத்து அறிஞர்கள் வந்து மரங்களைத் தட்டிப் பார்த்து, தலையாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்களில் ஓரமாக, டேப்பும் கையுமாக, போகப் போகச் சின்னதாக ஒரு ஆள் நின்றுகொண்டிருப்பார். அவரை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நிலையத்துச் சமையல்காரர் மட்டும், கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்று சொல்லி அவருக்குத் தட்டை எட்டும் இடத்தில் வைப்பார். டேப்காரர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது அளவெடுப்பு முடிந்து ஒரு வாரம் இருக்கும். மூன்று சாண் டேப்காரர் தையல் மெஷின் மேஜை மேல் உட்கார்ந்து, பொத்தான் டப்பாவில் சாய்ந்தபடி, காட்டுச் சமாச்சாரங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் அளவெடுப்பில் கண்ணுக்கு நேரே தாம் அடித்த தகடுகளெல்லாம் இப்போது இரண்டு ஆள் உயரத்துக்குப் போய்விட்டன என்றும், எண்ணை அண்ணாந்து படித்துக் கழுத்து வலிக்கிறது என்றும் சொன்னார். மனைவி மெஷினை நிறுத்தினாள்.

“ஏங்க, மரம் நுனியிலதான் நீளும், அடிமரம் பருக்க மட்டும்தான் செய்யும்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?”

“ஆமா. சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியுமே.”

“அப்ப அடிச்ச ஆணி எப்படிங்க மேல போச்சு?”

டேப்காரர் பொத்தான் டப்பாவிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். மரத்தில் அடித்த ஆணி நூறு வருடமானாலும் அடித்த உயரத்திலேயே நிற்கும் என்பதைக் காட்டு வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். ஆணி ஏறாவிட்டால் இறங்கியது யார்? இருபது வருடமாகத் தான் உரக்கச் சொன்ன எண்கள் ஒவ்வொன்றாக அவர் காதில் திரும்பி வந்தன, அத்தனையும் பொய். வாழ்நாளில் ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொன்னவரில்லை அவர். ஈரப் பட்டை ஊதியிருக்கும் என்று மழை விட்டு மூன்று நாள் காத்திருந்து அளந்தவர். அவர் அன்று சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. குறைந்ததற்காக அழவில்லை, தப்பாக அளந்ததற்காக அழுதார். அவர் கண்ணீர்த் துளி வேறொருவர் கைக்குட்டையை நனைக்கக்கூடப் போதாது. ஆனால் அவர் முகத்துக்கு அது பெரிய துளி.

மூன்றாம் நாள் அவர் இயக்குநரைப் போய்ப் பார்த்தார். நாற்காலியில் ஏற்றி உட்கார வைத்தால் மேஜை விளிம்பு மறைத்ததால் கோப்புகளை அடுக்கி அதன் மேல் நிற்க வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். பரிசு வாங்கிப் பழகியவர் என்பதால் கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்வது அவருக்குக் கைவந்த கலை.

“விதிப்படி ரெண்டாவது பொத்தான்லதானே அளந்தீங்க?”

“ஆமாங்க ஐயா.”

“அப்புறம் என்ன? விதி சரியா இருக்கு, நீங்களும் சரியா இருக்கீங்க. காடு பெருத்திருக்கு. நல்ல விஷயம்தானே?”

“நான் சிறுத்துட்டேங்க ஐயா.”

“அது உங்க சொந்த விஷயம்,” என்றார் இயக்குநர் பரிவோடு. “நிலையம் யாரோட சொந்த விஷயத்துலயும் தலையிடாது.”

டேப்காரர் அந்தக் கோலைக் கேட்டார். ஒரே ஒரு தடவை, ஒரு மீட்டர் முப்பதில், எல்லா மரத்தையும் மறுபடி அளந்துவிடுகிறேன் என்று கெஞ்சினார். இயக்குநர் ஜன்னலைக் காட்டினார். இருபது வருடமாகக் கோல் அங்கேயே முட்டுக் கொடுத்து நின்றது. அதை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும், மூடினால் அறையில் மூச்சு முட்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காட்டை மறைப்பது சுலபம் போலிருக்கிறது, ஒரு ஜன்னல் போதும். அடுத்த அளவெடுப்புக்கும் அவரே போக வேண்டும், அளப்பவர் மாறக் கூடாது என்பது விதி என்று சொல்லி இயக்குநர் அவரைத் தம் கையாலேயே தூக்கித் தரையில் விட்டார்.

ஐந்து வருடம் டேப்காரர் வாடிப் போய்த் திரிந்தார். மனைவிக்கோ அளவு தப்பானதைப் பற்றிக் கவலையில்லை. ஆள் மிஞ்சுவாரா என்பதுதான் கவலை. “இப்ப மூணு. அடுத்தது ரெண்டு, அப்புறம் ஒண்ணு. அதுக்கும் மேல உங்களை நான் எங்கன்னு போய்த் தேடறது, ஊசி டப்பாலயா?” என்று கேட்டாள். வேலையை விட்டுவிடச் சொன்னாள். ஒரு தடவை சரியாக அளக்காமல் விடமாட்டேன், பொய்யனாகச் சாகமாட்டேன் என்றார் அவர். பொத்தானைச் சட்டையில் கொஞ்சம் மேலே ஏற்றித் தைக்கட்டுமா என்று கேட்டாள். மூன்று சாண் ஆளுக்கு அப்படி ஏற்றினால் பொத்தான் தலைக்கு மேலே இன்னொரு ஆள் உயரத்தில் தொங்க வேண்டும். அது ஒரு பக்கம் இருக்க, பொத்தானை நகர்த்துவது பித்தலாட்டம் என்று அவர் கோபித்துக்கொண்டார். அவளுக்கும் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவள் படிப்பாள். விதிப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, தையல் கணக்குப் பார்ப்பது போல விரல் வைத்துப் படித்தாள். பொத்தான் இரண்டாவதாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அளப்பவர் மாறக் கூடாது என்று இருந்தது. அளப்பவர் தரையில் நிற்க வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

அன்று மாலையே அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனை வாசலில் நிற்க வைத்துத் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் அளந்தாள். “எதுக்கும்மா இதெல்லாம்?” என்று புத்தகக்காரர் கேட்டதற்கு, “பேசாம நில்லுண்ணே, பேசாம இருக்கிறதுதான் உனக்குப் பழக்கமாச்சே,” என்றாள். அவர் நின்றார். இருபத்தைந்து வருடத்து மிச்சத் துணியில் தைத்த தலையணை உறைகளையெல்லாம் பிரித்து, நான்கு மடிப்பாக வைத்து, அவர் மார்போடு மாட்டிக்கொள்ளும் பை ஒன்று தைத்தாள்.

ஆறாவது அளவெடுப்பின் முதல் நாள் காலை, ஒன்றாம் எண் மரத்தடியில் புத்தகக்காரர் குனிந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், மாப்பிள்ளையைத் தூக்கிப் பையில் வைத்தார். டேப்காரர் துள்ளினார், திமிறினார், பிறகு கீழே பார்த்தார். பையின் ஓரத்தில் அவர் மனைவி நுனியைத் தைத்துவிட்டிருந்த இஞ்சு டேப் நேராகத் தரைக்குத் தொங்கியது. அவருடைய இரண்டாவது பொத்தானிலிருந்து தரை வரை ஒரு மீட்டர் முப்பது. மயிரிழை பிசகவில்லை. அவர் கொக்கியைப் பட்டையில் மாட்டினார். புத்தகக்காரர் மரத்தைச் சுற்றி நடந்தார். கண்ணுக்கு நேரே, இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவர் அடித்த ஆணி அடித்த இடத்திலேயே இருந்தது. டேப்காரர் எண்ணையும் அளவையும் முன்னெப்போதையும் விட உரக்கச் சொன்னார்.

போன தடவையை விட அளவு குறைந்தால், எழுதுகிறவர் ‘குறைவு, மறுபடி’ என்று சொல்ல வேண்டும். அளப்பவர் இன்னும் இரண்டு தடவை அளக்க வேண்டும். அதுவும் விதி. ஒன்றாம் மரத்தில் புத்தகக்காரர் “குறைவு, மறுபடி” என்றார். இரண்டாம் மரத்திலும் சொன்னார். நூறாவது மரத்தில் “குறைவு மாப்ளே, மறுபடி” என்றார். டேப்காரர் காதில் விழாதது போல இருந்தார். ஐந்நூறாவது மரத்தில், “கால் வலிக்குதா மச்சான்?” என்று பைக்குள்ளிருந்து கேட்டார். இப்படியே ஒவ்வொரு மரத்தையும் மூன்று மூன்று சுற்றுச் சுற்றி அவர்கள் ஆயிரத்து நாற்பத்து நான்காம் எண்ணுக்கு வந்து சேர்ந்தபோது, வெயிலைப் பற்றியும் முதுகு வலியைப் பற்றியும் பேசுகிற அளவுக்கு நெருங்கியிருந்தார்கள்.

கவை பொத்தானுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. டேப்காரர் சுற்றிலும் பார்த்தார். மரத்தடியில் ஒரு பள்ளம் இருந்தது. முதல் அளவெடுப்பில் அந்தப் பள்ளத்தில்தான் அவர் நின்றிருக்க வேண்டும்.

“ரெண்டு மச்சான். நீங்க சொன்னதுதான் சரி.”

புத்தகக்காரர் நெகிழ்ந்து போனார். அவர் நல்ல மனிதர். தோற்றவரைத் தோற்க விடத் தெரியாதவர். “இல்ல மாப்ளே, ஒண்ணுதான். இத்தனை வருஷம் நீங்க ஒண்ணுன்னு சொன்னீங்க, ஒண்ணாவே இருக்கட்டும்,” என்றார்.

“அளவுல மரியாதை பாக்கக் கூடாது மச்சான்.”

“இதுல என்ன மரியாதை? எனக்கு ஒண்ணுதான் தெரியுது.”

“இருபத்தஞ்சு வருஷம் ரெண்டுன்னு எழுதினீங்களே, அது பொய்யா?”

“அப்ப ஒரே சுத்தா அளந்தீங்களே, அது பொய்யா?”

சத்தம் ஏறியது. ஒருவர் மார்பில் ஒருவர் தொங்கிக்கொண்டு, மூக்குக்கு நேர் மூக்காக அரை மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் டேப்காரர் மச்சானின் சட்டைப் பையில் கையை விட்டு ஆயிரத்து நாற்பத்தைந்தாம் தகட்டை உருவி, ஆணியோடு மரத்தில் வைத்துப் பிடித்தார். சுத்தியல் அவர் எடை இருந்ததால் புத்தகக்காரர்தான் அடிக்க வேண்டியிருந்தது. ஒண்ணு, ஒண்ணு என்று ஒவ்வொரு அடிக்கும் சொல்லிக்கொண்டே அடித்தார். அதன் பிறகு மீதி மூவாயிரத்துச் சொச்சம் மரத்துக்கும் அவர்கள் எண்களைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

பதிவேட்டின்படி காடு படுபயங்கரமாக மெலிந்திருந்தது. டேப்காரர் தண்டனையை எதிர்பார்த்து இயக்குநர் அறைக்குப் போய்க் கோப்புகளின் மேல் நின்றார். இயக்குநர் எண்களை ஒரு பார்வை பார்த்தார், ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார், பிறகு எழுந்து வந்து அவர் விரலைப் பிடித்துக் குலுக்கினார். உலகத்திலேயே வேகமாகப் பருத்த காடு இப்போது உலகத்திலேயே வேகமாக மெலியும் காடு. பருத்ததைப் பார்க்க வந்தவர்களை விட இரண்டு மடங்கு பேர் மெலிவதைப் பார்க்க வந்தார்கள். முன்பு மரத்தைக் கட்டிப்பிடித்துச் சிரித்தவர்கள் இப்போது கட்டிப்பிடித்துக் கண்ணீர் விட்டார்கள். நிலையத்துக்கு மூன்று மாடியில் புதுக் கட்டடம் வந்தது. இயக்குநருக்குப் பெரிய அறை, நான்கு ஜன்னல். கோலைப் போல இன்னும் மூன்று செய்யச் சொல்லி உத்தரவு போயிற்று. மரங்கள் இரண்டு செய்தியையும் கேட்காமல் தம் பாட்டுக்கு வருடத்துக்கு ஒரு நூல் கனம் பருத்துக்கொண்டிருந்தன. அந்த ஒரு நூல் முதல் தடவையாகப் பதிவேட்டில் சரியாக ஏறியிருந்தது. முதல் அளவெடுப்பையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். டேப்காரர் அப்படி வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு மூடினார். வேறு யாரும் பார்க்கவில்லை. அவருக்கு அது போதும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி அவரை மேஜை மேல் நிறுத்தி, இஞ்சு டேப்பைப் பாதத்திலிருந்து உச்சி வரை பிடித்தாள். மூன்று சாண் இருந்தது. மறுபடி பிடித்தாள். மூன்றுதான், குறையவில்லை. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணனோடு பேசியாயிற்றா என்று கேட்டாள். அந்த ஆளோடு மனிதன் பேசுவானா என்றார் அவர். பிறகு, அவள் அளந்தது சரிதானா என்று பார்ப்பதற்காக, மேஜை மேல் நீட்டிப் படுத்துக் கோடு கிழிக்கச் சொல்லி, எழுந்து தன் கையால் சாண் போட்டார். எட்டு இருந்தது.